புதுப்பிப்பு: பழைய மெமரி கார்டு ஸ்விட்ச் 2-இல் ஓடுமா?

நின்டெண்டோவின் புதிய கேம் கன்சோலான ஸ்விட்ச் 2 அறிவிப்பு வந்ததும், பழைய ஸ்விட்ச்சின் மைக்ரோ எஸ்டி கார்டை அப்படியே மாற்றிப் போடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. “மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் (அதே அளவிலுள்ள, வேகம் கூடிய புதுவகைக் கார்டு) வாங்குங்கள், வேறு வழியில்லை” என்ற பதில்தான் சரி.

பழைய கார்டைச் செருகினால் அதிலுள்ள ஸ்கிரீன்ஷாட்டையும் வீடியோவையும் மட்டும் எடுக்கலாம். கேம் ஓடாது. காரணம் வேகம்: பழைய ஸ்விட்ச்சில் போடும் யுஎச்எஸ்-1 வகைக் கார்டின் உச்சம் விநாடிக்கு 104 எம்பி, எக்ஸ்பிரஸில் ஏட்டளவில் 985 எம்பி. கேம்களை மறுபடி டவுன்லோட் செய்யத்தான் வேண்டும். சேவ் டேட்டா எப்போதும் கன்சோலின் உள் நினைவகத்தில்தான் இருக்கும், கார்டுக்குப் போகாது. அதனால் சிஸ்டம் டிரான்ஸ்ஃபர் (பழைய கன்சோலிலிருந்து புதியதற்கு டேட்டாவை மாற்றுவது) முடியும்வரை பழைய கன்சோலை விற்றுவிடாதீர்கள்.

எதிர்பாராதது ஒன்று: எக்ஸ்பிரஸ் கார்டைச் சாதாரண கார்டு ரீடரில் போட்டால் பழைய வேகம்தான் காட்டும். போலிச் சரக்கு என்று பதறிக் கடைக்கு ஓட வேண்டாம்.

ஸ்விட்ச் 2-இன் உள் நினைவகமான 256 ஜிபியே போதும் என்றவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடையில் வாங்கும் கேம் கார்டுகளில் கேம்-கீ கார்டு என்றொரு வகை உண்டு; அதில் சாவி மட்டும்தான், கேமே கிடையாது, முழுக்க டவுன்லோட்தான். பெரிய கேம் நாலு போட்டால் இடம் தீர்ந்துவிடும்.