மைலேஜ் 15 குடுத்த வண்டி இப்ப 12தான் குடுக்குது, என்ன பண்ணலாம்?

தாம்பரம்வாசி:
வணக்கம் மக்களே. என்னோடது 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 62 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு. தாம்பரத்துல இருந்து மேடவாக்கம் வழியா சோழிங்கநல்லூர், போக வர 34 கிலோமீட்டர், மாசம் 24 நாள். முன்னாடி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் குடுத்துட்டு இருந்தது, நாலு மாசமா 12ஐ தாண்ட மாட்டேங்குது. லிட்டர் 100 ரூபாய்னு வெச்சா மாசம் 1,300க்கு மேல கூடுதலா போகுது, இஎம்ஐ கட்டுற எனக்கு அது பெரிய காசு. சர்வீஸ்ல கேட்டா மெட்ரோ வேலை நடக்குது டிராஃபிக் அப்படித்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஓட்டுறதுல மாத்தணுமா, வண்டியில பாக்கணுமா?

ஸ்பேனர்:
தம்பி, 12ன்றது எங்க பாத்தது? மீட்டர் டிஸ்ப்ளேன்னா அத நம்பாதீங்க. பங்க்ல ஆட்டோ கட் ஆகுற வரைக்கும் ஃபுல் பண்ணி ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணுங்க, 300 கிலோமீட்டராவது ஓட்டிட்டு அதே பங்க்ல அதே மாதிரி கட் ஆகுற வரைக்கும் போட்டு, ஓடுன கிலோமீட்டர போட்ட லிட்டரால வகுத்துப் பாருங்க.

அடுத்து டயர் காத்து. டிரைவர் கதவத் திறந்தா பக்கத்துல ஸ்டிக்கர் இருக்கும், அதுல இருக்கறதுதான் கணக்கு, டயர் மேலயே எழுதிருக்க நம்பர் அது தாங்குற அதிகபட்சம், அத பாத்து அடிச்சிடாதீங்க. காலைல வண்டி எடுத்ததும் பக்கத்துலயே செக் பண்ணணும், ஓடி சூடான டயர்ல அளவு கூடத்தான் காட்டும்.

நாலு மாசத்துல திடீர்னு மூணு குறைஞ்சிருக்குன்னா எனக்கு பிரேக் மேலதான் சந்தேகம். பத்து கிலோமீட்டர் அழுத்தி பிரேக் போடாம ஓட்டிட்டு நிறுத்தி, ஒவ்வொரு வீல் பக்கத்துலயும் கைய கொண்டுபோய்ப் பாருங்க, டிஸ்க்க தொட்டுடாதீங்க சுட்டுடும். ஒரு வீல் மட்டும் அனலா அடிச்சா அங்க பிரேக் பிடிச்சுட்டே ஓடுதுன்னு அர்த்தம். நீங்க எவ்ளோ மெதுவா ஓட்டினாலும் அது பெட்ரோல தின்னுட்டேதான் இருக்கும்.

ஓஎம்ஆர் ரெகுலர்:
நானும் அதே ரூட்தான் சகோ. மேடவாக்கத்துல நகர்ந்து நகர்ந்து போறப்ப முன்வண்டிய ஒட்டிப் போகாதீங்க, ஒரு கார் அளவு இடம் விட்டா பாதி தடவ பிரேக்கே மிதிக்க வேண்டாம், செகண்ட் கியர்லயே உருண்டு போயிடும். இடம் விட்டா பைக் புகுந்துடும்தான், புகுந்துட்டு போகட்டும். மிதிக்கிற ஒவ்வொரு பிரேக்கும் ஏற்கனவே பெட்ரோல் எரிச்சு வாங்கின வேகம். ஒரு நிமிஷத்துக்கு மேல நிக்கற சிக்னல்னா ஆஃப் பண்ணிடுங்க, சின்ன இன்ஜின் கூட சும்மா நின்னாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல குடிக்கும், ஏசியோட இன்னும் கூட. நான் ஆஃபீஸ் கிளம்புறத 40 நிமிஷம் முன்னாடி தள்ளினேன், எனக்கு மிச்சமானதுல பெரும்பங்கு அதுலதான்.

தாம்பரம்வாசி:
நன்றி அண்ணா, நன்றி சகோ. இன்னொரு டவுட்டு, இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா மிச்சமாகும்னு அப்பா சொல்றாரு, மாசம் ஒருதடவ ஏற்காடு போவோம்.

மலைப்பாதை:
தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அப்பா சொல்றது கார்புரேட்டர் காலத்து வண்டிக்கு. இப்ப இருக்க இன்ஜெக்ஷன் வண்டியில கியர்ல வெச்சு ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா வீலே இன்ஜின சுத்த வெக்கும், கம்ப்யூட்டர் பெட்ரோல சுத்தமா நிறுத்திடும். நியூட்ரல்னா இன்ஜின் அணையாம இருக்க அதுக்கு பெட்ரோல் வேணும். அதாவது கூடத்தான் செலவு. அதவிட முக்கியம், முழு வெயிட்டும் பிரேக் மேல வந்து சூடாகி, கடைசி கொண்டை ஊசில மிதிச்சா நிக்காது. குடும்பத்தோட போறீங்க, ஏறுன கியர்லயே இறங்குங்க.

அப்பறம் ஹைவேல 100ல போறத 80 ஆக்கிப் பாருங்க, 100ல காத்து எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல.

ஸ்பேனர்:
ஒண்ணு விட்டுட்டேன். இப்ப பங்க்ல வர்றது இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, எத்தனால்ல பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி. பழைய வண்டில கொஞ்சம் குறையத்தான் செய்யும், 2021 நிதி ஆயோக் அறிக்கையிலயே பழைய கார்களுக்கு 6, 7 சதவீதம் வரைக்கும்னு போட்டிருந்தாங்க. ஆனா உங்களுக்கு குறைஞ்சிருக்கறது 20 சதவீதம், அதனால பழிய மொத்தமா அது மேல போட முடியாது. மைலேஜ் கூட்டும்னு பங்க்ல விக்கிற பாட்டில் எதுவும் வாங்காதீங்க.

தாம்பரம்வாசி:
அப்டேட். அண்ணா சொன்னது கரெக்ட், பின்னாடி இடது வீல் மட்டும் கொதிச்சுது. ஜாக்கி போட்டு தூக்கிப் பாத்தா கையால சுத்தவே முடியல, போன சர்வீஸ்ல ஹேண்ட் பிரேக் கேபிள ஓவர் டைட் வெச்சிருக்காங்க. வீட்டுப் பக்கத்து மெக்கானிக் லூஸ் பண்ணி டிரம்ம கிளீன் பண்ணிக் குடுத்தாரு. காத்து ஸ்டிக்கர்ல 33, என் டயர்ல 25 இருந்துச்சு. எல்லாம் சரி பண்ணப்பறம் 356 கிலோமீட்டருக்கு 24.9 லிட்டர், 14.3 வருது. அந்த பக்கம் பிரேக் ஷூ தேஞ்சிருக்குன்னு மெக்கானிக் சொல்றாரு. அண்ணா, ரெண்டு பக்கமும் சேத்து மாத்திடட்டுமா?

ஸ்பேனர்:
ரெண்டு பக்கமும் மாத்துங்க தம்பி, ஒரு பக்கம் மட்டும் மாத்தினா பிரேக் போடும்போது இழுக்கும்.