அஸ்தம்பட்டி குடும்பக் குழு: அந்தக் கறுப்பு மீன்

கலா அத்தை (காலை 6:50): *ஃபார்வர்டு* கடலுக்கு அடியில் வாழும் பேய் மீன் மேலே வந்துவிட்டது! பேரழிவு நிச்சயம்! எல்லோருக்கும் அனுப்பவும்!

கலா அத்தை: சென்னையில் பிள்ளைகள் இருக்கிறார்களே, மனசு கேட்கவில்லை கண்ணு.

நித்யா: பயப்படாதீங்க அத்தை. இது 2025 தொடக்கத்தில் ஸ்பெயினின் டெனரிஃப் தீவுப் பக்கம் சுறா ஆய்வுக்குப் போனவர்கள் எடுத்த வீடியோ. பேரழிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாவம், நலிந்துபோய் மேலே வந்த மீன். சில மணி நேரத்தில் இறந்துவிட்டது.

பெரியப்பா: வாயைப் பார்த்தால் ஆளையே விழுங்கும் போல இருக்கிறதே.

நித்யா: மொத்தமே 6 சென்டிமீட்டர் அளவுதான் பெரியப்பா. கிட்டத்தில் எடுத்ததால் அப்படித் தெரிகிறது. தூண்டில் மீன் வகை. நெற்றியில் நீட்டிக்கொண்டிருப்பது முதுகுத் துடுப்பின் ஒரு முள். அதன் நுனிக் குமிழில் பாக்டீரியா குடியிருக்கிறது, வெளிச்சம் அதனுடையது. இருட்டில் இரை அதைத் தேடி வரும், வாய் பக்கத்திலேயே இருக்கும்.

தருண்: அக்கா, ஏற்காட்டில் ஒரே பனி, இப்போதுதான் நெட் வந்தது. ஆண் மீனுக்கும் லைட் உண்டா?

நித்யா: கிடையாது. தூண்டில் பெண்ணுக்கு மட்டும். ஆண் மிகச் சின்னது. சில இனங்களில் ஆண் பெண்ணின் உடம்பைக் கடித்துப் பிடித்தால் பிறகு விடுவதே இல்லை. தோலோடு தோல் ஒட்டி, ரத்தக் குழாய்களும் இணைந்து, அவள் ரத்தத்தில்தான் அது பிழைக்கும். 1922இல் ஐஸ்லாந்து மீன் ஆய்வாளர் பியார்னி சேமுண்ட்சன் இப்படி ஒட்டியிருந்ததைப் பார்த்துக் குட்டிகள் என்று நினைத்தார். 1925இல் லண்டனில் சார்லஸ் டேட் ரீகன் அறுத்துப் பார்த்துத்தான் ஆண் என்று கண்டுபிடித்தார். ஆனால் வீடியோவில் இருக்கும் இனத்தில் ஆண் கொஞ்ச நேரம் ஒட்டிவிட்டு விலகிவிடும்.

கலா அத்தை: அதெப்படி கண்ணு? நான் கொடுத்த கிட்னியை மாமா உடம்பு தள்ளிவிடக் கூடாது என்று காலை எட்டு, ராத்திரி எட்டு மாத்திரை போடுகிறோம். மீனுக்கு எதுவும் ஆகாதா?

நித்யா: அத்தை, எனக்கும் அதுதான் பெரிய ஆச்சரியம். 2020இல் ஜெர்மனி, அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த மீன்களின் மரபணுவைப் பார்த்தார்கள். நம் உடம்பில் வேற்று உறுப்பை அடையாளம் கண்டு தாக்குவது டி செல் என்ற வெள்ளணுவும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதமும். ஒரே பெண்ணோடு பல ஆண்கள் ஒட்டும் இனங்களில் அவை உருவாகத் தேவையான மரபணுக்களே காணாமல் போய்விட்டன. மாமா மாத்திரை போட்டு அடக்கி வைப்பதை அந்த மீன்கள் அடியோடு விட்டுவிட்டன.

செல்வம் மாமா: அப்படியென்றால் கிருமி தொற்றினால்? எனக்குச் சாதாரணச் சளி வந்தாலே டாக்டர் உடனே வரச் சொல்கிறார்.

நித்யா: சரியான கேள்வி மாமா. மற்ற முதுகெலும்பிகளுக்கு இப்படி ஆனால் பிழைப்பதே கஷ்டம். பிறவியிலேயே இருக்கும் அடிப்படை எதிர்ப்புச் சக்தியை அந்த மீன்கள் வேறு விதமாகப் பலப்படுத்தியிருக்க வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்கள் கணிப்பு.

செல்வம் மாமா: அந்த வழி பிடிபட்டால் முதலில் எனக்குச் சொல்லும்மா. தூங்கும்போது எழுப்பினாலும் பரவாயில்லை.

கலா அத்தை: அந்த ஃபார்வர்டை அழித்துவிட்டேன். மூன்று குழுவில் போட்டிருந்தேன், அங்கேயும் நீ எழுதியதைப் போடுகிறேன் கண்ணு.