புரொப்பேன் வேப்பரைசர் உறைகிறது, உதவி தேவை

1968 செவர்லே சி10 பிக்கப், 250 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின். போன மாதம் முழுதாகப் புரொப்பேனுக்கு மாற்றியாச்சு. ஐடிலிங்கில் குறையே இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் கால் மணி நேரம் ஏற்றம் ஏறினால் வேப்பரைசர் (கூலன்ட்டின் சூட்டில் திரவப் புரொப்பேனை வாயுவாக்கும் பாகம்) மேல் வெண்பனி படர்ந்து இழுவை போய்விடுகிறது. நிறுத்தி ஐடிலில் விட்டால் உருகிச் சரியாகிறது.

தெர்மோஸ்டாட் புதிது, 82 டிகிரி. இன்ஜின் சூடு ஒழுங்காக ஏறுகிறது. கூலன்ட்டில் காற்று எடுத்தாச்சு, லாக்-ஆஃப் (இன்ஜின் நின்றால் புரொப்பேனை அடைக்கும் வால்வு) ஃபில்ட்டரும் மாற்றியாச்சு. வேப்பரைசர் ரேடியேட்டரின் மேல்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது. உறையும் நேரத்தில் தொட்டுப் பார்த்தால் உள்ளே போகும் ஹோஸ் கை சுடுகிறது, வெளியே வருவது வெறும் வெதுவெதுப்பு. கூலன்ட் ஓட்டம் போதவில்லை என்றே தோன்றுகிறது. இப்போது ஹீட்டர் கோருக்கு (கேபினைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) இணையாக டீ போட்டு வேப்பரைசருக்கு கூலன்ட் லைன் எடுத்திருக்கிறது.

வேப்பரைசரை முதலில் வைத்து, அதன் வழியாகவே ஹீட்டருக்குப் போகும்படி சீரீஸாக மாற்றினால் இது தீருமா?