ஓநாய்களில் துணிச்சல்காரனும் தொடைநடுங்கியும் பிறவியிலேயே உண்டா?

வாசு_மதுரை கேட்டது:

ஒரு ஒட்டுண்ணி தொற்றிய ஓநாய்கள்தான் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகின்றன என்று செய்தி படித்தேன். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் நடந்த ஆய்வாம். அப்படியானால் அவற்றின் துணிச்சல் சொந்தக் குணமே இல்லையா? எல்லா ஓநாயும் ஒரே மாதிரிதான் பாயும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நேரில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பனிக்காட்டான் (மொன்டானா):

ஒரே மாதிரி பாய்வதெல்லாம் படத்தில்தான், வாசு. குளிர்காலத்தில் அந்தப் பூங்காவுக்குள் கார் போக வடக்குச் சாலை ஒன்றுதான் திறந்திருக்கும். அது லாமார் பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. விடிவதற்குள் போய் சாலையோரத்தில் தொலைநோக்கியை நிறுத்திவிட்டால் பாதி நாள் அங்கேயே ஓடிவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் வேட்டையே பார்க்கலாம்.

ஒருமுறை ஒரு கூட்டம் பைசன் எருது ஒன்றை வளைத்திருந்தது. சாம்பல் நிறப் பெட்டை ஒன்று அதன் மூக்குக்கு நேராக நின்றது. எருது தலையைத் தாழ்த்தினால் இரண்டு எட்டு பின்வாங்கும், நிமிர்த்தினால் மறுபடி முன்னே வரும். பின்பக்கம் தொடையைக் குறிவைத்து இன்னும் இரண்டு. மிச்ச ஓநாய்கள்? பனியில் படுத்தாகிவிட்டது. ஒன்று நிதானமாகக் கொட்டாவி விட்டது. எருது கடைசியில் சலித்துப்போய் நடையைக் கட்டியது.

படுத்திருந்தவற்றைச் சோம்பேறி என்று திட்டத் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓநாயின் எடை 40, 50 கிலோ. எல்க் மானில் பெட்டையே 200 கிலோவைத் தாண்டும். ஒரு உதை சரியாக விழுந்தால் தாடை போச்சு, அப்புறம் பட்டினிதான். ஓநாய் ஆராய்ச்சியாளர் டேனியல் மெக்நல்டியும் கூட்டாளிகளும் இதைப் பல வருடம் கவனித்து எழுதியிருக்கிறார்கள். எல்க் வேட்டையில் ஓநாய்களின் எண்ணிக்கை 4 ஆகும்வரை வெற்றி கூடுகிறது. அதற்கு மேல் எத்தனை சேர்ந்தாலும் பெரிதாகக் கூடுவதில்லை, ஏனென்றால் மற்றவை பின்தங்கிவிடுகின்றன. பைசன் வேட்டையிலோ 9 முதல் 13 வரை கூடுகிறது. இரை கடினமானால், ஒதுங்கி நின்ற அதே ஓநாயும் இறங்கி வேலை செய்கிறது. ஆக, துணிச்சல் என்பது பிறக்கும்போதே நெற்றியில் எழுதி வைத்த ஒற்றை எண் அல்ல.

இதற்கு எனக்குத் தெரிந்து 302 என்ற ஓநாயைவிட நல்ல உதாரணம் கிடையாது. (இருப்பிடம் அறியக் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டும்போது கொடுக்கும் எண்தான் அங்கே பெயர்.) கறுப்பு ஆண். 2003 வாக்கில் ட்ரூயிட் பீக் கூட்டத்தின் எல்லைக்குள் நுழைந்து, அதன் தலைவன் 21இன் மகள்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. 21 யாருக்கும் அஞ்சாத ஓநாய், சண்டையென்றால் முதல் ஆளாகப் பாயும். அது துரத்தும், 302 ஓடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து நிற்கும். அங்கே குட்டிகளும் பிறந்தன! வேட்டையில் பின்னால் நிற்கும், இரை விழுந்ததும் சாப்பாட்டுக்கு முன்னால் நிற்கும். 2004இல் 21 செத்தபிறகு அதே கூட்டத்தில் சேர்ந்தது. அப்போதும் தன்னைவிட இளைய 480ஐத் தலைவனாக விட்டுவிட்டு இரண்டாம் இடத்தில் இருந்துகொண்டது.

இதைக் கோழை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. யெல்லோஸ்டோனுக்குள் ஓநாய்களை அதிகம் கொல்வது மற்ற ஓநாய்கள்தான். அந்த நிலையில் அடுத்த கூட்டத்தின் எல்லைக்குள் தனியாகப் போவதைவிடப் பெரிய சூதாட்டம் எது? மானுக்காக உயிரைப் பணயம் வைக்காது, ஜோடிக்காக வைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். 2008இல், ஓநாய்க்குக் கிழவயது என்று சொல்லும் பருவத்தில், இளவட்டங்களோடு பிரிந்துபோய் பிளாக்டெயில் கூட்டத்துக்குத் தலைவனும் ஆனது. மறுவருடம் இறந்தது.

ஒட்டுண்ணி விஷயத்தை நம் டாக்டர் சொன்னால் நன்றாயிருக்கும்.

மாட்டுடாக்டர்:

கூப்பிட்டதால் வந்தேன். அந்த ஒட்டுண்ணி டாக்ஸோபிளாஸ்மா. எங்களுக்குப் பழைய எதிரி, ஆடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும். பூனை இனத்தின் குடலில்தான் முழு வாழ்க்கைச் சுழற்சி நடக்கும். யெல்லோஸ்டோனில் பூனை என்றால் முக்கியமாகப் பூமா.

2022இல் வந்த ஆய்வு அது. 26 வருடத் தரவு, 229 ஓநாய்களின் இரத்த மாதிரிகள். தொற்று கண்ட ஓநாய் தலைமைக்கு வர வாய்ப்பு 46 மடங்கு அதிகம், கூட்டத்தை விட்டுத் தனியே கிளம்ப 11 மடங்கு அதிகம் என்று வந்தது. பூமாக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் திரியும் ஓநாய்களிடம்தான் தொற்றும் அதிகம்.

ஆனால் ஒன்று. இரத்தத்தில் பார்ப்பது, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. என்றைக்கோ தொற்றியது என்பதை அது சொல்லும், குணம் மாறியது அதற்கு முன்பா பின்பா என்பதைச் சொல்லாது. ஏற்கெனவே துணிந்த ஓநாய் பூமாவின் இடத்தில் போய்த் தொற்றை வாங்கியிருந்தால்? தொற்றிய எலிக்குப் பூனை வாடை பயம் குறைவதைச் சோதனைச்சாலையில் பார்த்திருக்கிறார்கள், அதனால் ஒட்டுண்ணிதான் காரணம் என்பதும் வெறும் கற்பனை இல்லை. இருந்தாலும் 302இன் கதை முழுவதையும் ஒரு கிருமியின் தலையில் கட்ட நான் தயாரில்லை.

வாசு_மதுரை:

நன்றி டாக்டர், நன்றி பனிக்காட்டான் அண்ணா. இன்னொன்று. நாயும் இதே வம்சம்தானே, அதற்கும் இந்தச் சூதாட்டப் புத்தி உண்டா?

பனிக்காட்டான்:

குறைவு. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு வடக்கே எர்ன்ஸ்ட்பிரன் என்ற ஊரில் ஓநாய்களையும் நாய்களையும் ஒரே மாதிரி வளர்த்து ஒப்பிடும் மையம் இருக்கிறது. அங்கே கவிழ்த்த கிண்ணங்கள் இரண்டை வைத்தார்கள். ஒன்றின் அடியில் எப்போதும் சப்பென்ற தீனி உருண்டை. இன்னொன்றில் பாதி நேரம் இறைச்சி, பாதி நேரம் வெறும் கல். ஓநாய்கள் 80 சதவீதம் முறை கல்லோ கறியோ என்று துணிந்தன, நாய்கள் 58 சதவீதம். நாய்க்கு நாம் சோறு வைக்கிறோம், ஓநாய் வேட்டையில் பலமுறை வெறும் வயிற்றோடு திரும்புகிறது. அதனால் எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அதே மையத்தில், பார்த்தே இராத ஒரு பொருளை முன்னால் வைத்தபோது நாயைவிட ஓநாய்தான் அதிகம் தயங்கியது. கிட்டே போனபின் விடாமல் முகர்ந்து ஆராய்ந்ததும் ஓநாய்தான். கூடவே கூட்டாளி இருந்தால் அந்த ஆராய்ச்சி இன்னும் நீண்டது. எனவே தனியாகச் சோதித்து "இது பயந்த ஓநாய்" என்று எழுதி வைத்தால், கூட்டத்தில் அது நடந்துகொள்வது வேறாக இருக்கலாம்.