மறு: அமைதிப் பேச்சில் பெண்கள்: ‘உள்ளடக்கம்’ வேண்டாம், ‘பங்குரிமை’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக வந்த கேள்வி இது:

> போரை முடிக்கும் பேச்சுகளில் பெண்களுக்கு இடம் தருவதை ‘பெண்கள் உள்ளடக்கம்’ என்றே எழுதிவிடலாமா?

வேண்டாம் என்பேன். ‘உள்ளடக்கிய வளர்ச்சி’ நிலைத்துவிட்டது, சரி. ஆனால் பெண்களுக்குப் பக்கத்தில் ‘அடக்கம்’ வந்தால், தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குச் சொல்லிவந்த புத்திமதிதான் காதில் விழும். ‘உட்படுத்தல்’ அதைவிட மோசம். சோதனைக்கும் விசாரணைக்கும்தான் ஆட்களை உட்படுத்துகிறோம். ‘பங்கேற்பு’ நல்ல சொல்தான். ஆனால் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாலும் அது பங்கேற்புதானே?

நடந்தவற்றை வைத்துப் பார்ப்போம். 2003இல் லைபீரியப் போரை நிறுத்த கானாவின் அக்ரா நகரில் பேச்சு நடந்தது. இழுத்துக்கொண்டே போனது. ஜூலையில் லேமா குபோவீ தலைமையில் வந்த பெண்கள் மண்டப வாசலில் கைகோத்து உட்கார்ந்து, உள்ளே இருந்தவர்களை வெளியே விடாமல் மறித்தார்கள். மத்தியஸ்தரான நைஜீரிய முன்னாள் ஆட்சித் தலைவர் அப்துல்சலாமி அபூபக்கர் அவர்களோடு பேச வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பேச்சை நகர்த்தியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. முடிவெடுக்கும் இருக்கை மட்டும் இல்லை.

அதே ஆண்டு மார்ச்சில் கிளிநொச்சியில் பெண்கள் விவகாரங்களுக்கான துணைக்குழு கூடியது. இலங்கை அரசு தரப்பில் ஐவர், புலிகள் தரப்பில் ஐவர். பேசுவதற்கு இடம் கிடைத்தது, ஆனால் அது ஆலோசனைக் குழு. தீர்மானம் முதன்மைப் பேச்சில்தான். ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலக, அந்தத் துணைக்குழுவின் வேலையும் தொடக்கத்திலேயே நின்றுபோனது. இதை எழுதும்போது இன்றும் மனம் கனக்கிறது.

வட அயர்லாந்தில் பெண்கள் கட்சியே தொடங்கினார்கள். அமைதிப் பேச்சுக்கான பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க 1996இல் நடந்த தேர்தலில் அவர்களுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு வாக்குதான். ஆனால் முதல் பத்துக் கட்சிகளுக்கும் இடம் உண்டு என்பது விதி. அதனால் மோனிகா மெக்வில்லியம்ஸும் பேர்ல் சாகரும் பேச்சு மேசைக்குப் போனார்கள். அங்கே மோதலை முடித்த 1998 ஒப்பந்தத்தில் பாதிக்கப்பட்டோர் பற்றிய பகுதியும், அரசியலில் பெண்களின் முழுமையான, சமமான பங்கேற்புக்கான உரிமையும் இடம்பெற அவர்கள் உழைத்தார்கள்.

இந்த மூன்றையும் ஒரே சொல்லால் எழுதினால், வாசலில் உட்கார வைத்ததையே ‘இடம் கொடுத்தோம்’ என்று கணக்குக் காட்டிவிடலாம். ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325ஆம் தீர்மானம் (2000 அக்டோபர்) கேட்பது முடிவெடுக்கும் எல்லா மட்டங்களிலும் பெண்களின் பிரதிநிதித்துவத்தைக் கூட்ட வேண்டும் என்பதைத்தான்.

ஆகவே என் பரிந்துரை ‘பங்குரிமை’. சொத்து வழக்கில் பழகிய சொல். தமிழ்நாட்டில் 1989 சட்டத்திருத்தம் மகளுக்குக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு தந்தபின், இதன் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. யாரோ பெரிய மனது வைத்துச் சேர்த்துக்கொள்வது இதில் வராது. லைபீரியாவில் நடந்ததை ‘பெண்களின் அழுத்தம்’ என்றும், கிளிநொச்சியை ‘ஆலோசனைப் பங்கேற்பு’ என்றும், வட அயர்லாந்தை ‘பங்குரிமை’ என்றும் பிரித்து எழுதலாம்.

அப்புறம், ‘அமைதி’யா ‘சமாதானமா’? ஈழத்து வாசகருக்கு ‘அமைதிப்படை’ என்றாலே 1987இல் அங்கே போன இந்தியப் படை நினைவுக்கு வரும். அங்கே ‘சமாதான முன்னெடுப்பு’ வழக்கில் இருக்கிறது; பேச்சுவார்த்தையைவிட அகலமான பொருளும் அதற்கு உண்டு. ‘சமாதான முன்னெடுப்புகளில் பெண்களின் பங்குரிமை’ என்று முழுத்தொடராக வைக்கலாம்.

பங்குச்சந்தைச் சொல்லோடு குழம்புமா என்பதைச் சட்ட மொழிபெயர்ப்பில் இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள். வேறு நல்ல சொல் வந்தால் இதை விட்டுவிடுகிறேன். ‘உள்ளடக்கம்’ மட்டும் பட்டியலில் ஏற வேண்டாம்.