அப்பா படத்தை எடுத்துவிட்டுத்தான் வீட்டைக் காட்ட வேண்டுமா?

கெப்போங்_மகள்

அம்மா வீட்டை விற்கப் போகிறோம். கோலாலம்பூர் கெப்போங் பாருவில் இரட்டை மாடி வரிசை வீடு, 20க்கு 65 அடி. முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டோம். அப்பா தவறி நான்கு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியவில்லை. செர்டாங்கில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே லிஃப்ட் உள்ள சின்ன கொண்டோ ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். இந்த வீட்டுக்கு 620,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கலாம் என்று எண்ணம்.

போன வாரம் ஏஜென்ட் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வெளிர் நிறச் சாயம் அடிக்கச் சொன்னார், சாமான்களில் பாதியை எடுக்கச் சொன்னார், ஆள் பார்க்க வரும் நாளில் கருவாடு பொரிக்க வேண்டாம் என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “சாமி மேடையையும் ஐயாவின் மாலை போட்ட படத்தையும் வீடு விற்கும்வரை வேறு எங்காவது வைத்துவிடுங்கள் அக்கா. வாசல் மாவிலையும் வேண்டாம்” என்றார். அம்மா சமையலறையில்தான் இருந்தார். காதில் விழுந்துவிட்டது. அன்று இரவு முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹால் சுவரில் ஓர் இடத்தில் சாயம் பொங்கியிருக்கிறது. புதுச் சாயம் அடித்தால் அதுவும் மறைந்துவிடும் என்கிறார். இவ்வளவும் தேவைதானா? செலவு செய்தால் விலை ஏறுமா? விற்றவர்கள், வாங்கியவர்கள் சொல்லுங்கள்.

சாவிக்கொத்து

தங்கச்சி, நான் 11 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அவர் சொன்னது எல்லாமே நானும் சொல்வதுதான். சொன்ன விதம்தான் தப்பு. அம்மாவை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்று வீடு தேடுகிறவர் முதலில் கைப்பேசியில்தான் வீட்டைப் பார்க்கிறார். ஐபுரோப்பர்ட்டி, முடா மாதிரி விளம்பரத் தளங்களில் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவார். முதல் படம் இருட்டாக இருந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். உங்கள் வீட்டில் எத்தனை அறை, எவ்வளவு காற்று என்று படிக்கக்கூட மாட்டார். அதனால் காலை 10 மணிக்குத் திரைச்சீலையை விலக்கி, எல்லா விளக்கையும் போட்டு, மூலையில் நின்று படம் எடுக்க வேண்டும். சோபாவைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டால் ஹால் பெரிதாகத் தெரியும். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

ஹோம் ஸ்டேஜிங், அதாவது விற்பதற்காக வீட்டை ஒழுங்குபடுத்திக் காட்டுவது, 1970களில் அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் பார்ப் ஸ்வார்ட்ஸ் என்ற ஏஜென்ட் தொடங்கி வைத்தது. அந்த அம்மாள் நாடக மேடை தெரிந்தவர், பெயரும் அங்கிருந்துதான் வந்தது. வருகிறவர் ‘இது என் வீடு’ என்று கற்பனை செய்து பார்க்க இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் சாரம். அடுத்தவர் குடும்பப் படம் சுவர் நிறைய இருந்தால் அந்தக் கற்பனை வராது. விருந்தாளி மாதிரி கூச்சத்தோடு நின்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

சாமி மேடையும் அப்படித்தான். கெப்போங்கில் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். வாசலுக்கு நேராகப் படிக்கட்டு இருந்தாலே, அவர்கள் வாஸ்துவான ஃபெங் சுய்படி ஆகாது என்று பலர் திரும்பிப் போய்விடுவார்கள். இந்த நாட்டில் கொண்டோ லிஃப்டில் 4ஆம் மாடிக்குப் பதில் 3ஏ என்று போடுகிறார்கள், சீனத்தில் நான்கு என்பது சாவு என்பதுபோல் ஒலிக்கும் என்பதால், வாங்குகிறவர் மனசுக்காக. அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லையே.

செந்தூல்_ரயில்

அண்ணே, 3ஏ என்பது ஒரு பொத்தானில் இருக்கும் எண். முப்பது வருடமாகத் தினமும் விளக்கேற்றிய இடமும் அதுவும் ஒன்றா?

வாடகைக்கு வீடு தேடிய தமிழர்களுக்கு ஒரு வலி உண்டு. ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்று வெளிப்படையாகவே எழுதிய விளம்பரங்களைப் பார்த்தவர்கள் நாம். போனில் நம் பேச்சைக் கேட்டதும் “அறை போய்விட்டது” என்று வைத்தவர்களும் உண்டு. நான் 2013இல் செத்தாப்பாக்கில் அறை தேடியபோது ஒரே வாரத்தில் மூன்று பேர் அப்படிச் சொன்னார்கள். சரி, வாடகை அவர்கள் வீடு, பொறுத்துக்கொண்டோம். இப்போது நம் வீட்டை நாமே விற்கும்போதும், இங்கே இருந்தவர்கள் தமிழர்கள் என்ற அடையாளத்தைத் துடைத்துவிட வேண்டுமா? எதிரே சீனர் வீட்டு வாசலில் சிவப்பு மேடையும் ஊதுபத்தியும் இருக்குமே, அந்த வீடு விலைக்கு வந்தால் அதையும் எடுக்கச் சொல்வீர்களா?

சாவிக்கொத்து

சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன். வங்சா மாஜுவில் ஒரு சீனப் பாட்டி வீடு, பார்க்க வந்தது மலாய்க் குடும்பம். பாட்டியே மேடைக்கு மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்.

தம்பி, வாடகை விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. அந்த மாதிரி விளம்பரம் போடச் சொன்ன வீட்டுக்காரர்களை நான் எடுத்துக்கொண்டதே இல்லை. ஆனால் இந்த அம்மாவுக்கு இப்போது தேவை மாடி ஏறாத ஒரு வீடு. நம் சமூகத்தின் கணக்கை அவர் முட்டி வலியின் மேல் வைத்துத் தீர்க்க வேண்டாம்.

ஏஜென்ட்களுக்கு இதில் பெரிய லாபம் இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். சட்டப்படி கமிஷன் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வீடு 20,000 வெள்ளி கூடுதலாகப் போனால் ஏஜென்ட் நிறுவனத்துக்குக் கூடுவது 600 வெள்ளி. மிச்சமெல்லாம் அம்மாவுக்குத்தான்.

ஈரச்சுவர்

சாமி மேடையைப் பற்றிக் குடும்பம் முடிவு செய்யட்டும். அந்தச் சுவரைப் பற்றி யாரும் பேசவில்லையே?

நான் வீடு புதுப்பிக்கும் வேலை செய்கிறவன். சாயம் அப்பளம் மாதிரி பொங்கியிருக்கிறது என்றால் பின்னால் இருந்து தண்ணீர் தள்ளுகிறது என்று அர்த்தம். நகத்தால் அதை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே உப்பு மாதிரி வெள்ளைத் தூள் உதிர்ந்தால், செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து வெளியே விட்டிருக்கிறது. அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த சாயம் அடித்தாலும் நிற்காது. ஏப்ரல் மாதமும் அக்டோபர், நவம்பரும் இங்கே சாயங்காலம் எப்படி மழை கொட்டும் என்று தெரியும். இரண்டு பெருமழை போதும், மறுபடி பொங்கிவிடும். அதற்குள் வீடு கைமாறியிருந்தால் வாங்கியவன் தலையில்.

வரிசை வீட்டில் இது பெரும்பாலும் இரண்டு இடத்திலிருந்து வரும். ஒன்று, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் கூரையைச் சந்திக்கும் இடம். அங்கே போட்ட தகடோ சிமெண்டோ விரிசல் விட்டிருக்கும். இன்னொன்று, பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாய். மழை பெய்யும்போது மட்டும் ஈரம் கூடினால் கூரை. வெயில் காலத்திலும் காயவே இல்லை என்றால் குழாய். முதலில் தண்ணீர் வருவதை நிறுத்த வேண்டும். பிறகு பொங்கியதைச் சுரண்டி, சுவரைச் சில வாரம் காய விட்டு, சீலர் என்ற அடிப்பூச்சு அடித்து, அப்புறம்தான் சாயம். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

மறைத்து அடிக்கச் சொல்கிற ஏஜென்டை மாற்றுங்கள். இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஆயர்_ஈத்தாம்_தம்பி

அண்ணன் சொன்னதை அனுபவித்தவன் நான். பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினேன். பார்க்கப் போன அன்று எலுமிச்சை வாசனை, மஞ்சள் விளக்கு, மேசையில் பழத்தட்டு. மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஹாலில் சோபாவுக்குப் பின்னால் மட்டும் பூப் போட்ட சுவர்த்தாள். அழகுக்கு ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சாவி வாங்கிய இரண்டாம் வாரம், எங்கள் சோபாவை நகர்த்தும்போது கால் பட்டு அந்தத் தாள் ஓரத்தில் கிழிந்தது. இழுத்தேன், முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பூராவும் கறுப்பு. ஈர மூட்டை நாற்றம். எங்கள் பையனுக்கு ஆஸ்துமா.

புதிதாகக் கட்டிய வீடாக இருந்தால் சாவி வாங்கிய 24 மாதத்துக்குள் தெரியவரும் குறைகளை, கட்டி விற்ற மேம்பாட்டாளர் சரிசெய்து தர வேண்டும். கைமாறி வரும் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒப்பந்தத்தில் ‘இருக்கிற நிலையில் அப்படியே’ என்று ஒரு வரி இருந்தது, நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கசிவு மேல் வீட்டிலிருந்து என்பதால் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். 2015இல் வந்த விதிமுறைப்படி 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை மேல் வீட்டுக் குறை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் கடைசியில் சரியானது. ஆனால் அதுவரை நாங்கள் மூவரும் ஒரே அறையில் படுத்தோம்.

விற்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. தாளைச் சரியாக அந்த ஈரத்தின் அளவுக்கு வெட்டி ஒட்டியிருந்தார்.

சாவிக்கொத்து

இதில் நான் மறுபேச்சு பேச மாட்டேன். ஈரத்தை மறைக்கச் சொன்னது தப்பு. என் முதல் பதிவில் ‘அவர் சொன்னது எல்லாமே’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், சுவரைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். சுத்தம் செய்வதும் வெளிச்சம் கூட்டுவதும் வேறு, இது வேறு.

வட்டிக்கணக்கு

‘செலவு செய்தால் விலை ஏறுமா’ என்று அக்கா கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டுக் கடன் பிரிவில் பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் பூச்சாடியைப் பார்த்து விலை போடுவதில்லை. அதே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அண்மையில் என்ன விலைக்கு வீடு போனது, நில அளவு, கட்டட நிலை, நிலம் ஃப்ரீஹோல்டா (நிரந்தர உரிமை) லீஸ்ஹோல்டா (குத்தகை), இவைதான் கணக்கு. வாங்குகிறவர் மயங்கி 620,000 தருகிறேன் என்றாலும், மதிப்பீடு 580,000 என்று வந்தால் பேங்க் இரண்டில் குறைந்த தொகையை வைத்துத்தான் கடன் கொடுக்கும். அதில் 90 விழுக்காடு 522,000. மீதி 98,000 வெள்ளியை அவர் கையிலிருந்து போட வேண்டும். மதிப்பீடும் 620,000ஆக இருந்தால் 62,000 போதும். அதாவது 36,000 கூடுதல். முத்திரை வரி, லாயர் செலவு எல்லாம் அதற்கு மேல். அந்த இடத்தில்தான் பல விற்பனை கவிழ்கிறது. டெப்பாசிட் வாங்கி மூன்று வாரம் காத்திருந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால் அலங்காரத்துக்குக் கடன் வாங்கி ஆயிரக்கணக்கில் கொட்டாதீர்கள். சீக்கிரம் விற்க அது உதவும், ஏஜென்ட் அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். மதிப்பீட்டுக்கு மேல் விலையை இழுத்துச் செல்ல உதவாது. விலையை முடிவு செய்யும் முன் உங்கள் தெருவில் அண்மையில் கைமாறிய வீடுகளின் விலையைக் கேட்டுத் தரச் சொல்லுங்கள்.

பூச்சோங்_அக்கா

நான் இப்போது வீடு தேடிக்கொண்டிருக்கிறவள். இதுவரை 14 வீடு பார்த்துவிட்டேன். படத்தில் சோபா, கம்பளம், செடி எல்லாம் இருக்கும். நேரில் போனால் காலி ஹால். கணினியில் சேர்த்தது என்கிறார்கள். ஒரு நாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் ஏமாந்து வந்தேன்.

வாங்குகிறவள் எதைப் பார்ப்பாள் என்று சொல்கிறேன். குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பார்ப்பேன். பின்பக்கக் கால்வாயில் தண்ணீர் தேங்குகிறதா பார்ப்பேன். அலமாரி நிறையத் துணி பிதுங்கினால், இந்த வீட்டில் இடம் போதாது என்று மனசுக்குள் எழுதிக்கொள்வேன். அதில் ஏஜென்ட் சொல்வது உண்மைதான்.

ஆனால் கின்றாரா பக்கம் ஒரு வீட்டில் சாமி மேடைக்கு நேர் மேலே சிலிங்கில் ஒரு தட்டு அளவுக்குச் சாம்பிராணிப் புகைக் கறை. அந்த வீட்டுப் பாட்டி வெட்கப்பட்டார். எனக்கு அதைப் பார்த்ததும்தான் அந்த வீட்டில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று தோன்றியது. விலை ஒத்துவரவில்லை, இல்லாவிட்டால் வாங்கியிருப்பேன். நம்மவர்களும் வாங்க வருகிறோம் அண்ணே, எங்களையும் கணக்கில் சேருங்கள்.

செந்தூல்_ரயில்

அக்கா சொன்னதுதான் நான் சொல்ல வந்தது.

சாவிக்கொத்து

கெப்போங்கில் நூறு பேர் பார்க்க வந்தால் அதில் எத்தனை பேர் நம்மவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொன்னேன். இன்னும் சொல்வேன். படம் எடுக்கும் அன்று மட்டுமாவது மேடை படத்துக்குள் வராமல் எடுங்கள். நேரில் வருகிறவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும். இதற்கு மேல் நான் இறங்கி வர முடியாது.

கெப்போங்_மகள்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் எல்லாப் பதிவுகளையும் படித்துக் காட்டினேன். பினாங்குத் தம்பியின் பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்கச் சொன்னார்.

சுவரை நகத்தால் கீறினேன், வெள்ளைத் தூள்தான் கொட்டியது. பக்கத்து வீட்டு அங்கிளிடம் பேசினேன், அவர் பக்கத்திலும் அதே இடத்தில் ஈரமாம். கூரைதான் காரணம் என்று தெரிகிறது. வியாழக்கிழமை ஆள் வருகிறார், செலவை இரண்டு வீடும் பாதிப் பாதி. சுவர் காயும்வரை விளம்பரம் போடப் போவதில்லை. பார்க்க வருகிறவர்களிடம் எங்கே ஒழுகியது, எப்போது சரிசெய்தோம் என்று ரசீதோடு காட்டிவிடுவோம். தெருவில் கைமாறிய விலைகளைப் பார்த்துவிட்டு 595,000 என்று போடலாம் என்று தம்பியும் நானும் பேசியிருக்கிறோம்.

சாமான்களை நேற்றே குறைக்கத் தொடங்கிவிட்டோம். தம்பி வண்டியில் இரண்டு நடை. மாடியில் அப்பாவின் மேசை விளக்கைத் துடைத்துப் போட்டதும் அந்த அறை வேறு அறை மாதிரி இருக்கிறது. படம் எடுக்கும்போது மேடை படத்துக்குள் வராதபடி எடுக்க அம்மா சம்மதித்துவிட்டார். மேடையும் அப்பா படமும் வீடு கைமாறும்வரை இருந்த இடத்திலேயே இருக்கும். கொண்டோவுக்குப் போகும் அன்று பூசை போட்டு அவரே எடுத்துக்கொண்டு வருவாராம்.

ஏஜென்டிடம் இன்று காலை பேசிவிட்டேன். ஒரு நிபந்தனை அம்மாவுடையது: வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு மேல் யாரையும் அழைத்து வரக் கூடாது. சரி என்று ஒத்துக்கொண்டார்.