அறுபதாயிரத்துக்குள் டெஸ்க்டாப்: கிராபிக்ஸ் கார்டு இப்போதேவா, பிறகா?

திருச்சி_அப்பா:
மகள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். வீடியோ எடிட் செய்யும் பிரீமியர், 3டி அனிமேஷன் செய்யும் பிளெண்டர் இரண்டும் பாடத்தில் உண்டு. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் மூன்று கொட்டேஷன் கொடுத்தார்கள். முதலாவது ரைசன் 5 5600ஜி பிராசஸர், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. இரண்டாவது ஐ5-12400எஃப் பிராசஸர், கூடவே ஜிடி 730 4ஜிபி கார்டு. மூன்றாவது அதே பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி கார்டு. இது மட்டும் பட்ஜெட்டை நாலாயிரம் தாண்டுகிறது. எல்லாவற்றிலும் 16ஜிபி ரேம், ஒரே ஸ்டிக். கடைக்காரர் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பொறுமை_போதும்:
சார், இரண்டாவதை முதலில் அடித்துவிடுங்கள். ஜிடி 730 என்பது 2014இல் வந்த கார்டு. அந்தக் கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய கேம் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை என்விடியா 2021லேயே நிறுத்திவிட்டது. பெட்டியில் 4ஜிபி என்று பெரிதாகப் போட்டிருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் மெதுவான டிடிஆர்3 என்ற பழைய வகை மெமரி. 5600ஜி உள்ளேயே இருக்கும் வேகா கிராபிக்ஸ் இதை முந்திவிடும்.
என் ஓட்டு முதலாவதற்கு. முதலாண்டில் போட்டோஷாப், சின்னச் சின்ன எடிட்டிங், அவ்வளவுதான். ஆனால் ரேமை இரண்டு 8ஜிபி ஸ்டிக்காக மாற்றச் சொல்லுங்கள். உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒற்றை ஸ்டிக் என்றால் பாதிப் பாதை அடைத்த மாதிரி. கார்டை இரண்டு வருடம் கழித்து, தேவை தெரிந்த பிறகு வாங்கலாம்.

ரெண்டர்_ராத்திரி:
ஜிடி 730 பற்றிச் சொன்னது சரி. மற்றதை ஏற்க முடியவில்லை. என் ஓட்டு 3050 இருக்கும் மூன்றாவதற்கு. நானும் 2020இல் "கார்டு பிறகு" என்று தள்ளிப்போட்டவன்தான். 2021இல் கிரிப்டோ மைனிங்கால் கார்டு விலை எங்கேயோ போய்விட்டது. கல்லூரி முடியும்வரை வாங்கவே இல்லை. ப்ராஜெக்ட்டுக்குப் பத்து நொடி அனிமேஷன், 240 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு நாலு நிமிடம் வீதம் ரெண்டர் (காட்சியைப் படமாக்கும் வேலை) பிராசஸரிலேயே ஓடியது. பதினாறு மணி நேரம்! காலையில் பார்த்தால் ஒரு விளக்கு தவறான இடத்தில் இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். அந்தப் பெண்ணுக்கு இது வேண்டாம்.
இன்னொன்று. 5600ஜியில் கார்டுக்குப் போகும் பாதை பழைய பிசிஐ 3.0தான், பிராசஸருக்குள் இருக்கும் எல்3 கேஷ் மெமரி 16எம்பி. சாதாரண 5600இல் 32. பிறகு நல்ல கார்டு போட்டாலும் பிராசஸர் பிடித்து இழுக்கும்.

பொறுமை_போதும்:
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் 3050 எது? 8ஜிபி வகையில் கணக்குப் போடும் கோர் 2560, மெமரிக்குப் போகும் பாதை 128பிட். 6ஜிபியில் 2304 கோர், 96பிட்தான். ஒரே பெயரில் குறைந்த சரக்கைக் கொடுக்கிறார்கள். அதற்காக ஒரு அப்பா பட்ஜெட்டை மீற வேண்டுமா?

ரெண்டர்_ராத்திரி:
குறைந்ததுதான். ஆனாலும் 70 வாட் போதும், மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், பெரிய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) செலவு மிச்சம். பிளெண்டரின் ரெண்டர் இன்ஜினான சைக்கிள்ஸில், கார்டை வைத்து வேகமாக ரெண்டர் செய்யும் ஆப்டிக்ஸ் ஓடும். கற்றுக்கொள்ளும் வயதில் செய்ததன் பலனை உடனே பார்த்தால்தான் கை பழகும் அண்ணா.

கல்யாண_எடிட்டர்:
இருவருமே விட்டுவிட்ட ஒன்று அந்த 'எஃப்'. எஃப் என்றால் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. போன தை மாதம், ஆல்பமும் வீடியோவும் கொடுக்க வேண்டிய வாரத்தில் என் கார்டு செத்துப்போனது. என்னுடையது எஃப் பிராசஸர். சிபியு ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டு விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. வாரண்டியில் மாற்றிக் கொடுக்க மூன்று வாரம் ஆயிற்று. பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது?
எஃப் இல்லாத 12400 வாங்குங்கள் சார். உள்ளே யுஎச்டி 730 கிராபிக்ஸ் இருக்கிறது. கார்டு போனாலும் மிஷின் ஓடும். வீடியோவை வேகமாகக் கையாளும் குயிக் சிங்க் வசதி இருப்பதால் எச்.264 வீடியோ டைம்லைனில் தடுக்காமல் நகரும். பணம் முட்டினால் இப்போது அதை மட்டும் வாங்கி, கார்டை அடுத்த வருடம் போடுங்கள்.

பொறுமை_போதும்:
5600ஜியை விட இது நல்ல வழி. ஒப்புக்கொள்கிறேன்.

ரெண்டர்_ராத்திரி:
பிராசஸர் சரி. "அடுத்த வருடம்" என்பதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

திருச்சி_அப்பா:
எல்லோருக்கும் நன்றி. 12400, 3050 6ஜிபி, இரண்டு 8ஜிபி ஸ்டிக் என்று புதிய கொட்டேஷன் கேட்டேன். கண்ணாடி கேபினெட்டையும் கலர் ஃபேன்களையும் எடுத்துவிட்டதில் பட்ஜெட்டை விட ஆயிரத்து ஐந்நூறுதான் கூடுதல். மகளிடம் கேட்டேன், கலர் விளக்கு வேண்டாம் என்றுவிட்டாள். சனிக்கிழமை எடுக்கிறேன்.

கல்யாண_எடிட்டர்:
வீட்டில் மாட்டும்போது மானிட்டர் கேபிளைக் கீழே கார்டில் இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். மேலே மதர்போர்டில் செருகினாலும் பல மிஷின்களில் படம் வரும், திரைக்குப் படம் தருவது கார்டு இல்லை என்பதே தெரியாது. என் பக்கத்து ஸ்டுடியோவில் எட்டு மாதம் அப்படித்தான் ஓட்டினார்கள்.